அனுமதி இல்லை என்று கடிதம் வந்த பிறகு: பிரைடு ஊர்வலக் குழுவின் முன் இருக்கும் வழிகள்

தன்பாலீர்ப்பாளர்களும் திருநரும் தங்கள் இருப்பையும் உரிமையையும் சொல்லித் தெருவில் நடக்கும் பிரைடு ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்து வரும் கடிதங்களை எந்த நாட்டில் எடுத்துப் படித்தாலும் காரணங்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். போக்குவரத்து பாதிக்கும். அதே இடத்தை வேறொருவர் முன்பே கேட்டுவிட்டார். குழந்தைகள் பார்க்கும் இடம். பொது ஒழுக்கம். இவை எதுவும் எடுபடாது என்று தோன்றினால் கடைசியாக ஒன்று: உங்களைத் தாக்க வருவார்கள், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் மறுக்கிறோம்.

கடிதம் வந்த அன்றே ஏற்பாட்டுக் குழு பிரிந்துவிடும். நீதிமன்றம் போவோம் என்று ஒரு பக்கம். ஊருக்கு வெளியே ஒரு மைதானம் தருகிறார்களே, இந்த வருடம் அதை வாங்கிக்கொள்வோம் என்று இன்னொரு பக்கம். அரங்குக்குள் வைத்துக்கொண்டால் யாருக்கும் அடிபடாது என்பார் ஒருவர். அனுமதி எதற்கு, நடந்துவிட வேண்டியதுதான் என்பார் மற்றொருவர். நால்வர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நான்கையும் உலகின் வெவ்வேறு நகரங்களில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநரும் ஊடுபாலினரும் செய்து பார்த்துவிட்டார்கள். அங்கெல்லாம் என்ன ஆயிற்று என்பதை வைத்தே இவற்றை ஒப்பிடலாம்.

ஒப்பிடுவதற்கு எனக்கு மூன்று கேள்விகள் போதும். யார் நம்மைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோமோ அவர்கள் பார்ப்பார்களா? வந்தவர்கள் அடிபடாமல் வீடு திரும்புவார்களா? அடுத்த வருடம் இதே கடிதத்தை எழுத அதிகாரிக்குத் துணிவு இருக்குமா? பெரும்பாலான குழுக்கள் இரண்டாவது கேள்வியோடு நின்றுவிடுகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உயிர் முக்கியம். ஆனால் மூன்றாவதை மறந்து எடுக்கும் முடிவு இரண்டாவதையும் காப்பாற்றித் தருவதில்லை என்பது என் எண்ணம். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்?

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2020 ஜூலையில் தன் 37-ஆம் பொதுக் கருத்துரையில் விளக்கியது. ஊர்வலக் குழுவில் ஒருவராவது அதை முழுசாகப் படித்திருப்பது நல்லது. நமக்கு வேண்டியவை நான்கைந்து வரிகள்தான். கூடுவதற்கு அரசிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஏற்பாட்டு வசதிக்காக முன்னறிவிப்பு கேட்கலாம், அவ்வளவுதான். முன்னறிவிப்பு தரவில்லை என்பதால் மட்டும் ஒரு கூட்டம் சட்டவிரோதம் ஆகிவிடாது. எதிர்ப்பாளர்கள் அடிப்பார்கள் என்பது தடைக்குப் போதிய காரணமாகாது. கூட்டம் யாரை நோக்கியதோ அவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் இடத்தில் இயன்றவரை அதை நடக்க விட வேண்டும். தெருவில் கூடுவதைப் போலவே அரங்குக்குள் கூடுவதும் இணையத்தில் கூடுவதும் இந்த உரிமைக்குள் வரும்.

எதிர்ப்பாளர்களின் வன்முறைக்கு அஞ்சாமல் ஊர்வலம் போக வழி செய்வது அரசின் கடமை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1988-இலேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஆஸ்திரியாவில் கருக்கலைப்பை எதிர்த்து ஊர்வலம் போன மருத்துவர்கள். வழக்கில் அவர்கள் தோற்றார்கள், கொள்கை நின்றது. பின்னால் பிரைடு வழக்குகளில் அது பலமுறை கைகொடுத்தது.

ஆக, மறுப்புக் கடிதம் பல நேரங்களில் சட்டப்படி தப்பானதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நீதிமன்றம் போவது

2005-இல் போலந்தின் தலைநகர் வார்சாவில் ஏற்பாட்டாளர்கள் மே 12 அன்றே ஊர்வலத்துக்கு மனுக் கொடுத்தார்கள். ஊர்வல நாள் ஜூன் 11. ஜூன் 3 அன்று மறுப்பு வந்தது. போக்குவரத்துத் திட்டம் இணைக்கவில்லை என்றார்கள். அப்படி ஒன்றை அதுவரை யாரும் கேட்டிருக்கவே இல்லை. ஒரே இடத்தில் நின்று நடத்துவதாகச் சொன்ன கூட்டங்களுக்கும் ஜூன் 9 அன்று மறுப்பு. அதே நாளில் அவர்களை எதிர்த்து நடந்த கூட்டங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அப்போதைய மேயர் லேக் கச்சின்ஸ்கி தடை விதிக்கப்போவதாகச் செய்தித்தாள் பேட்டியில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

மேல்முறையீட்டில் ஏற்பாட்டாளர்கள் ஜெயித்தார்கள். ஜெயித்தது எப்போது? ஜூன் 17 அன்றும் ஆகஸ்ட் 22 அன்றும். 2007 மே 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். கூடும் உரிமை மீறப்பட்டது, பாகுபாடு காட்டப்பட்டது என்பதோடு நிறுத்தாமல், நிகழ்ச்சி நாள் கடந்த பிறகு கிடைக்கும் தீர்வு தீர்வே ஆகாது என்றும் அது சொன்னது.

இதே நாட்டில் 2018 அக்டோபரில் லுப்லின் நகர மேயர் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஊர்வலத்தைத் தடுத்தார். முதல் நீதிமன்றம் மேயர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊர்வலத்துக்கு முந்தைய நாள் தடையை நீக்கியது. 13-ஆம் தேதி ஊர்வலம் நடந்தது. இந்த வேகத்துக்குக் காரணம் 2015-இல் வந்த போலந்தின் கூட்டச் சட்டம். தடை விதிப்பதென்றால் 96 மணி நேரத்துக்கு முன்பே விதித்துவிட வேண்டும், நீதிமன்றம் 24 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று அதில் கெடு இருக்கிறது.

ஆகவே நீதிமன்றம் போகலாமா என்று கேட்கும் குழுவிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஊரில் நீதிமன்றம் எத்தனை நாளில் பேசும்? நாளுக்குள் பேசும் என்றால் வேறு யோசனையே வேண்டாம், முதல் வழி இதுதான். லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் 2010-இல் முதல் ஊர்வலத்துக்கு முந்தைய நாள்தான் உச்ச நிர்வாக நீதிமன்றம் தடையை உடைத்தது. சியோலில் 2015-இல் காவல்துறை போட்ட தடையை நிர்வாக நீதிமன்றம் சுமார் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவைத்தது.

நாளுக்குள் பேசாது என்றால்? அப்போதும் போக வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அந்த வழக்கு இந்த வருட ஊர்வலத்துக்கானது இல்லை என்பதைக் குழு தனக்குத்தானே ஒளிக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும். அது அடுத்த வருடத்துக்கானது. வழக்குக்குச் சாமான் சேர்ப்பதும் இப்போதே நடக்க வேண்டும்: மறுப்பை வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் வாங்குவது, மாற்று நாள், மாற்று வழி என இரண்டு மூன்று அறிவிப்புகளைச் சேர்த்தே கொடுப்பது, அதே தெருவில் அந்த மாதம் வேறு யார் யாருக்கு அனுமதி கிடைத்தது என்று குறித்துவைப்பது. வார்சா வழக்கில் பாகுபாடு என்ற தீர்ப்புக்கு அந்த எதிர்க்கூட்டங்களுக்குக் கிடைத்த அனுமதியும் ஒரு தூணாக நின்றது.

நீதிமன்றத்தின் எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள மாஸ்கோவைப் பார்க்க வேண்டும். 2006, 2007, 2008 என்று மூன்று வருடத் தடைகளும் தவறு என்று 2010 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புக்குப் பிறகும் தடைகள் நிற்கவில்லை. அடுத்த நூறு வருடங்களுக்கும் சேர்த்து ஏற்பாட்டாளர்கள் மனுக் கொடுத்தார்கள், நூறு வருடத்துக்கும் சேர்த்து மறுத்தார்கள், 2012-இல் மாஸ்கோ நகர நீதிமன்றம் அதையும் சரி என்றது. 2022 செப்டம்பரில் ரஷ்யா ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்தே வெளியே போனது. 2023 நவம்பரில் "பன்னாட்டு எல்ஜிபிடி இயக்கம்" (எல்ஜிபிடி என்பது தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரைச் சேர்த்துச் சொல்லும் ஆங்கிலச் சுருக்கம்) என்ற ஒன்றையே அதன் உச்ச நீதிமன்றம் தீவிரவாதம் என்று அறிவித்துவிட்டது. தீர்ப்பை மதிக்கும் அரசு இருக்கும் இடத்தில்தான் தீர்ப்புக்கு விலை.

அவர்கள் காட்டும் இடத்தில் நடத்துவது

முழுத் தடை போட்டால் கெட்ட பெயர் என்று நினைக்கும் நிர்வாகம் இடமாற்றத்தை நீட்டும். மறுப்பு போலவே தெரியாது என்பதுதான் இதில் இருக்கும் சங்கடம்.

2009-இல் பெல்கிரேடில் நகர மையத்தில் பாதுகாப்பு தர முடியாது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊஷ்சே பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏற்பாட்டாளர்கள் மறுத்து நிகழ்ச்சியையே ரத்து செய்தார்கள். அது வீம்பு என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. 2011 டிசம்பரில் செர்பியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த இடமாற்ற உத்தரவு கூடும் உரிமையை மீறியது என்று சொன்னது. அதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது என்பதும் உண்மை.

வில்னியஸ்காரர்கள் வேறு மாதிரி செய்தார்கள். 2010-இல் ஆற்றோரத்தில் இருந்த உப்பெஸ் தெருவை ஏற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் குடியிருப்புகூட அதிகம் இல்லை. சில நூறு பேர் நடந்தார்கள், அவர்களைவிட அதிகமான போலீஸார் சுற்றி நின்றார்கள். தடுப்புவேலியைத் தாண்டப் பார்த்தவர்களில் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள். பார்வையாளர் என்று சொன்னால் எதிர்ப்பாளர்களும் பத்திரிகையாளர்களும்தான். அடுத்து 2013-இல் அவர்கள் நகரின் முதன்மைச் சாலையான கெடிமினோ அவென்யூவைக் கேட்டார்கள். நகராட்சி மறுபடியும் அதே ஆற்றோரத்தைக் காட்டியது. இந்த முறை குழு விடவில்லை, நீதிமன்றம் வரை போய் ஜெயித்து, ஜூலை இறுதியில் அந்தச் சாலையிலேயே நடந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. ஒதுக்குப்புறத்தை ஒருமுறை ஏற்கலாம். அதை ஆட்சேபத்தோடு ஏற்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏற்க வேண்டும். இரண்டாம் முறையும் ஏற்றால் அதுதான் "உங்கள் வழக்கமான இடம்" ஆகிவிடும். அப்புறம் அதிகாரி கடிதம்கூட எழுத வேண்டியிருக்காது.

இதற்கு ஒரு விதிவிலக்காகச் சிங்கப்பூரைச் சொல்லலாம். அங்கே பிங்க் டாட் கூட்டம் 2009 முதல் ஹாங் லிம் பூங்காவில் உள்ள பேச்சாளர் மூலையில் நடக்கிறது. குடிமக்கள் கூட்டம் போட அரசே ஒதுக்கிவைத்த இடம் அது. ஊர்வலம் கிடையாது. இளஞ்சிவப்பு உடையோடு வந்து, இருட்டியதும் விளக்குகளை உயர்த்திப் பிடிப்பார்கள். 2017-இல் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தவிர வேறு யாரும் கலந்துகொள்ளவே கூடாது என்றானது. ஏற்பாட்டாளர்கள் பூங்காவைச் சுற்றித் தடுப்பு வைத்து, அடையாள அட்டை பார்த்து உள்ளே விட்டார்கள். அந்த வருடமும் கூட்டம் குறையவில்லை. இது ஏன் அங்கே எடுபட்டது? அந்தப் பூங்கா நகரின் நடுவில் இருக்கிறது. எங்கே என்பதைவிட யார் கண்ணில் படுகிறது என்பதைப் பார்த்தால் அது ஒதுக்குப்புறம் இல்லை. விலை வேறு பக்கம் கொடுக்கப்பட்டது: வெளிநாட்டுத் துணையோடு வாழ்பவர் துணையை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும்.

அரங்குக்குள் போவது

மிகப் பாதுகாப்பானது போலத் தெரியும் வழி. கதவு இருக்கிறது, அழைப்பிதழ் இருக்கிறது, தனியார் இடம்.

2012 பிப்ரவரியில் உகாண்டாவின் எண்டெபியில் ஒரு ஹோட்டலுக்குள் நடந்துகொண்டிருந்த பயிற்சிக் கூட்டத்துக்குள் அமைச்சர் சைமன் லோகோடோவே நேரில் வந்து கலைத்தார். வழக்குப் போட்டார்கள், 2014-இல் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 2016 ஆகஸ்டில் கம்பாலாவில் இரவு விடுதி ஒன்றுக்குள் நடந்த பிரைடு நிகழ்ச்சிக்குள் போலீஸ் புகுந்தது.

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியின் கதை இன்னும் தெளிவு. 2021 ஜூலை 5 அன்று திட்டமிட்ட ஊர்வலத்தை, அலுவலகத்தைக் கும்பல் சூறையாடியதும் ரத்து செய்தார்கள். அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் தாக்கப்பட்டார்கள். அதன் பிறகு 2023-இல் தெருவே வேண்டாம் என்று வேலி போட்ட தனியார் இடத்தில் விழாவாக வைத்தார்கள். ஜூலை 8 அன்று விழா தொடங்குவதற்கு முன்பே கும்பல் உள்ளே வந்து மேடையை உடைத்தது. உள்ளே இருந்தவர்களைப் போலீஸ் வெளியேற்றியது. காவல்துறை காக்க முன்வராத இடத்தில் தெருவில் இருந்தாலும் சுவருக்குள் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியேற வழி குறைவு என்பதால் உள்ளே சில நேரம் மோசம்கூட.

அரங்கு நிகழ்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் திரையிடலாம், கூடிப் பேசலாம், முகம் காட்ட முடியாதவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஊர்வலத்துக்குப் பதிலாக இது என்று எழுதிக் கொடுப்பதுதான் தப்பு.

அனுமதி இல்லாமல் நடப்பது

வார்சாவில் 2005-இல் கடைசியில் நடந்தது இதுதான். தடை இருந்தும் நடந்தார்கள். போலீஸும் பாதுகாப்பு கொடுத்தது.

இருபது வருடம் கழித்து புடாபெஸ்ட். 2025 மார்ச் 18 அன்று ஹங்கேரி நாடாளுமன்றம் குழந்தைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி பிரைடு ஊர்வலங்களைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. கலந்துகொள்பவருக்கு 2 லட்சம் ஃபோரிண்ட் வரை அபராதம், ஏற்பாடு செய்பவருக்கு ஒரு வருடம் வரை சிறை, வந்தவர்களைக் கண்டுபிடிக்க முகம் அறியும் கேமரா. மேயர் கெர்கெய் கராச்சோனி இது மாநகராட்சியின் சொந்த நிகழ்ச்சி, இதற்குக் காவல்துறை அனுமதி தேவையே இல்லை என்று அறிவித்தார். காவல்துறை அதை ஏற்காமல் தடை போட்டது. ஜூன் 28 அன்று ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பேர் வரை வந்ததாக மதிப்பீடுகள் சொன்னன. வழியில் இருந்த சுதந்திரப் பாலத்தைத் தீவிர வலதுசாரிகள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். கூட்டம் எலிசபெத் பாலம் வழியாக ஆற்றைக் கடந்தது. ஜூலையில், கலந்துகொண்டவர்கள் மீது நடவடிக்கை இல்லை என்று போலீஸ் அறிவித்தது. மேயரைப் பின்னர் சந்தேக நபராக அழைத்து விசாரித்தார்கள்.

இதைப் பார்த்துவிட்டு "நாமும் நடப்போம்" என்று சொல்பவர்கள் அங்கே இருந்த மூன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். யாரையும் தனியாகப் பிடிக்க முடியாத அளவுக்குக் கூட்டம். பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட ஒரு மேயர். வெளிநாட்டுப் பிரதிநிதிகளும் கேமராக்களும். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் நடந்தால் துருக்கியின் தலைநகர் அங்காராவில் நடந்தது நடக்கும். 2017 நவம்பரில் அங்காரா ஆளுநர் எல்ஜிபிடிஐ நிகழ்ச்சிகள் அனைத்துக்கும், திரைப்படக் காட்சி உட்பட, கால வரம்பில்லாத தடை போட்டார். நீதிமன்றம் அதை 2019-இல் நீக்கியது. தடை நீங்கியதை நம்பி அந்த மே மாதம் மத்திய கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் கூடினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகையோடு உள்ளே வந்தது. 18 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் வழக்கில் சிக்கினார்கள். 2021 அக்டோபரில்தான் விடுதலை கிடைத்தது. இரண்டரை வருடம் ஒரு மாணவரின் வாழ்க்கையில் சின்ன அளவு இல்லை.

இந்த வழியைப் பற்றிப் பேசும்போது "நாம்" என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அபராதம் கட்டக்கூடியவருக்கும் கட்ட முடியாதவருக்கும் ஒரே அபராதம் ஒரே தண்டனை இல்லை. அரசு ஊழியர், விசா புதுப்பிக்க வேண்டிய வெளிநாட்டவர், வீட்டுக்குச் சொல்லாமல் வந்தவர், அட்டையில் ஒரு பெயரும் ஆளில் வேறு தோற்றமும் உள்ள திருநர்: இவர்களுக்கு ஓர் அடையாள அட்டைச் சோதனையே பெரிய விஷயம். நடப்போம் என்று முடிவெடுக்கும் குழு இவர்களுக்கு முன்கூட்டியே அபாயத்தை எழுத்தில் சொல்லிவிட வேண்டும், வராமல் இருப்பதைக் கோழைத்தனமாக்கக் கூடாது.

சிதறி நிற்பது, பிறர் குடையின் கீழ் நிற்பது

2015-இல் இஸ்தான்புல் ஊர்வலத்தைத் தண்ணீர் பீய்ச்சியும் ரப்பர் தோட்டா சுட்டும் கலைத்தார்கள். அன்றிலிருந்து வருடா வருடம் தடை. 2016-இல் ஏற்பாட்டாளர்கள் சரி, கலைகிறோம் என்றார்கள். இஸ்திக்லால் தெருவின் ஒவ்வொரு மூலைக்கும் கலைந்து போகிறோம் என்று அறிவித்தார்கள். சின்னச் சின்னக் குழுக்களாக நின்று அறிக்கை வாசித்துவிட்டுப் போனார்கள். கைதுகள் இருந்தன. ஆனாலும் தடை போட்டவர்களால் "இந்த வருடம் எதுவும் நடக்கவில்லை" என்று சொல்ல முடியவில்லை. மற்ற கதவுகள் எல்லாம் மூடிய இடத்தில் இதை நான் மதிக்கிறேன். ஒரே குறை, புதிதாக வருபவருக்கு இதில் இடம் இல்லை. எங்கே, எப்போது என்று தெரிந்தவர்கள்தான் வர முடியும்.

சின்னதாக இருப்பது எப்போதும் தோல்வியின் அடையாளமும் இல்லை. 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் மஞ்சள் டி-ஷர்ட் போட்ட 15 பேர் "நட்பு நடை" என்ற பெயரில் நடந்தார்கள். தெற்காசியாவின் பிரைடு ஊர்வலங்களுக்கு அதுதான் தொடக்கம் என்கிறார்கள். முதல் வருடத்துக் குழுவுக்கு இந்த அளவே சரி.

இன்னொரு வழி, மகளிர் நாள் ஊர்வலத்திலோ மே நாள் ஊர்வலத்திலோ ஒரு அணியாகச் சேர்ந்துகொள்வது. பலன் உண்டு, நண்பர்கள் கிடைப்பார்கள். அவர்களின் ஊர்வலத்தில் உங்கள் பதாகையின் அளவை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள் என்பதை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது காவல்துறை

இதுவரை சொன்ன வழிகளில் எது சரி என்பது பெரும்பாலும் ஒரு தகவலில் போய் நிற்கிறது: அன்றைக்குப் போலீஸ் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கும்?

2012 மே 17 அன்று திபிலிசியில் சுமார் 30 பேர் நடந்தார்கள். ஒன்பது நாள் முன்பே அறிவித்து, பாதுகாப்பும் கேட்டிருந்தார்கள். மதக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் சூழ்ந்து பதாகைகளைக் கிழித்து அடித்தபோது அங்கிருந்த போலீஸார் முதலில் ஒதுங்கினார்கள். அப்புறம் கைது செய்தபோது ஊர்வலக்காரர்களில் சிலரையே பிடித்துக்கொண்டு போனார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2015-இல் இதை இழிவான நடத்தை என்றே சொல்லித் தீர்ப்பளித்தது. அடுத்த வருடம், 2013-இல், எதிர்ப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஊர்வலக்காரர்களைச் சிற்றுந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள், கும்பல் அந்த வண்டிகளை வழிமறித்துக் கண்ணாடியை உடைத்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 2013 அக்டோபரில் கிட்டத்தட்ட இதே கதை: எதிர்ப்பாளர்கள் தள்ளும்போது போலீஸார் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு கைது.

காவல்துறை மனது வைத்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு உக்ரைனின் தலைநகர் கீவ் நல்ல உதாரணம். 2015 ஜூனில் இடத்தைக் கடைசி நேரம் வரை ரகசியமாக வைத்துத்தான் ஊர்வலம் நடத்தினார்கள். அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. எதிர்ப்பாளர்கள் வீசிய வெடியில் போலீஸ்காரர் ஒருவருக்குக் கழுத்தில் படுகாயம். 2016-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸாரோடு நகர மையத்திலேயே, முன்கூட்டி அறிவித்து, அமைதியாக நடந்தது. குரோவேஷியாவின் ஸ்பிளிட்டில் 2011-இல் சில நூறு பேர் மீது ஆயிரக்கணக்கானோர் கல்லும் பாட்டிலும் வீசினார்கள். 2012-இல் அமைச்சர்களே கூட நடந்தார்கள், காவலும் பலமாக இருந்தது, பெரிய சேதமில்லை. எதிர்ப்பாளர்களின் மனது ஒரு வருடத்தில் மாறிவிடவில்லை. மாறியது உத்தரவு.

தேகு நகரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 2023 ஜூன் 17, தென்கொரியா. மேயர் ஹாங் ஜூன்-பியோ விழாவைத் தடுக்க நூற்றுக்கணக்கான நகராட்சி ஊழியர்களைத் தெருவில் இறக்கினார். காவல்துறையோ, இது முறையாக அறிவிக்கப்பட்ட கூட்டம் என்று சொல்லி விழா வண்டிகளுக்கு வழி ஏற்படுத்தியது. அரசு ஊழியரும் போலீஸாரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்ற காட்சி அது. 2024 மேயில் நீதிமன்றம் ஏற்பாட்டாளர்களுக்கு 70 லட்சம் வோன் தரச் சொல்லி நகருக்கும் மேயருக்கும் உத்தரவிட்டது. நிர்வாகம் என்பது ஒரே ஆள் இல்லை. மறுத்தது ஓர் அலுவலகம் என்றால் பக்கத்து அலுவலகத்தையும் தட்டிப் பார்க்கலாம்.

காவல்துறையோடு உட்காரும் கூட்டத்தில் கேட்க வேண்டியவற்றுக்குப் பதில் வாய்ப்பேச்சாக வந்தால் போதாது, காகிதத்தில் வர வேண்டும். அன்று களத்தில் முடிவெடுக்கும் அதிகாரி யார்? எதிர்ப்பாளர்களை எத்தனை மீட்டர் தள்ளி நிறுத்துவார்கள்? போலீஸார் யாரைப் பார்த்து நிற்பார்கள், உள்ளேயா வெளியேயா? முடிந்த பிறகு எந்த வழி, எந்த நிலையம், எத்தனை மணி வரை காவல்?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2006 ஜூனில் ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் ஊர்வலம் நல்லபடியாகவே முடிந்தது. ஏற்பாட்டாளர்கள் கொடுத்த துண்டறிக்கையில் சொன்னபடி, ஊர்வலத்தில் இருந்ததைக் காட்டும் உடையோ சின்னமோ எதுவும் இல்லாமல், ஒதுக்கப்பட்ட பாதை வழியாகவே ஒரு சிலர் வெளியேறி மெட்ரோவில் ஏறினார்கள். அந்தப் பெட்டிக்குள் ஆறு இளைஞர்களும் ஒரு பெண்ணும் வந்து அடித்தார்கள். ஊர்வலத்தில் இல்லாத அடி வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்தது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

காவல்துறையிடமிருந்து மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வருகிறது, நீதிமன்றமும் நாளுக்குள் பேசும் என்றால், நகர மையத்தைத் தவிர வேறு எதையும் ஏற்காமல் வழக்குப் போடுவேன். இடமாற்றம் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன்.

காவல்துறை காக்கும், ஆனால் நீதிமன்றம் மெதுவாகத்தான் பேசும் என்ற இடத்தில், ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மாற்று இடத்தில் ஒருமுறை நடத்துவேன், வழக்கையும் நடத்துவேன். வில்னியஸ் வழி.

நீதிமன்றம் நம் பக்கம், காவல்துறை நம்ப முடியாதது என்பதுதான் மிக ஆபத்தான கலவை. தீர்ப்பு கையில் இருப்பதால் தைரியம் வரும், தெருவில் அந்தக் காகிதம் கேடயம் ஆகாது. இங்கே நான் ஊர்வலத்தைச் சுருக்கி, இரண்டு மூன்று இடங்களில் குறுகிய நேரம் நிற்பதாக மாற்றி, சட்ட உதவிக்கு ஆட்களையும் பத்திரிகையாளர்களையும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்துவேன். தீர்ப்பை அமல்படுத்தாததற்கு அடுத்த வழக்கு அங்கிருந்து தொடங்கும்.

இரண்டுமே இல்லாத இடத்தில் இஸ்தான்புல் வழிதான். கூடவே அரங்குக்குள் சிறு நிகழ்ச்சிகள். அங்கே நடப்போம் என்று பிடிவாதம் பிடிக்கும் இளையவர்களிடம் புடாபெஸ்டின் கூட்டத்தைக் காட்டாமல் அங்காராவின் அந்த இரண்டரை வருடத்தைக் காட்டுவேன்.

எந்த வழி என்றாலும் அறிவிப்பை மட்டும் ஒவ்வொரு வருடமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மறுப்பார்கள் என்று தெரிந்தாலும். அறிவிப்பே கொடுக்காத வருடம் மறுப்பும் இல்லாத வருடமாகப் பதிவாகும். சியோலில் முதலில் பதிபவருக்கே வழி என்றிருந்ததால் 2015-இல் ஏற்பாட்டாளர்களும் எதிர்ப்பாளர்களும் காவல் நிலைய வாசலில் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். அலுப்பான வேலைதான்.

அப்புறம் ஊர்வலத்துக்கு மறுநாள். யாராவது அடிபட்டிருந்தால் உடனே புகார் கொடுக்க வேண்டும். அடித்தார்கள் என்று மட்டும் எழுதாமல், ஊர்வலத்துக்குப் போனதற்காக, இன்னார் என்பதற்காக அடித்தார்கள் என்று, அடித்தவர்கள் கத்திய வார்த்தைகளையும் சேர்த்து எழுத வேண்டும். புக்கரெஸ்ட் மெட்ரோவில் அடிபட்டவர்களின் புகார் வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டு, காலக்கெடு முடிந்துவிட்டது என்று மூடப்பட்டது. வெறுப்பு நோக்கத்தை ருமேனிய அதிகாரிகள் சரியாக விசாரிக்கவில்லை என்று 2016 ஏப்ரலில்தான் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.